குடும்பப் படங்களில் பிரதிபலிப்பு

குடும்பத்தினரை ஓவியமாகவோ ஒளிப்படமாகவோ பதிவு செய்பவர் பெரும்பாலும் படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறார். வீட்டுக் கண்ணாடியிலும் பளபளப்பான பாத்திரத்திலும் விழும் பிம்பத்தைக் கொண்டு, படத்தில் இடம்பெறாதவரை உள்ளே கொண்டுவரும் முறை ஐரோப்பிய ஓவியத்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே காணப்படுகிறது.

1434இல் யான் வான் எய்க் வரைந்த அர்னோல்பினி இணையரின் ஓவியம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. இது இப்போது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. கணவனும் மனைவியும் கைகோத்து நிற்க, பின்சுவரில் வட்டமான குவி ஆடி ஒன்று தொங்குகிறது. அதில் அவ்விருவரின் முதுகும், எதிர்வாசலில் நிற்கும் வேறு இருவரும் தெரிகின்றனர். அவர்களில் ஒருவர் ஓவியரே என்பது பலரின் கருத்து. ஆடிக்கு மேலே, யான் வான் எய்க் இங்கே இருந்தார் என்ற பொருளில் லத்தீன் வாசகமும் ஆண்டும் எழுதப்பட்டுள்ளன.

பெரிய தட்டையான கண்ணாடி செய்வது அக்காலத்தில் எளிதன்று. ஊதிய கண்ணாடி உருண்டையின் உட்புறம் உலோகம் பூசி, அதிலிருந்து வெட்டியெடுத்த துண்டே வீட்டு ஆடியாயிற்று. அதனால் அது புடைத்திருந்தது. குவி ஆடி பிம்பத்தைச் சிறிதாக்கும். ஆனால் அறை முழுவதையும் காட்டும். இந்தப் பாடத்துக்கு வகுப்பில் ஓர் எவர்சில்வர் சொம்பு போதும். கடைசி வரிசை மாணவனும் எட்டிப் பார்த்து அதில் தன் முகத்தைத் தேடுவான்.

சொம்பைப் போன்ற பாத்திரத்தையே பயன்படுத்தியவர் கிளாரா பீட்டர்ஸ். அவரது வாழ்க்கை பற்றி மிகக் குறைவான குறிப்புகளே கிடைத்துள்ளன. 1612இல் அவர் வரைந்த ஓவியத்தில் பூக்கள், சங்குகள், நாணயங்களுடன் பொன்முலாம் பூசிய கிண்ணங்களும் உள்ளன. கிண்ணத்தின் குமிழ்கள் பலவற்றில் பொட்டளவில் அவருடைய உருவம்! அது குடும்பப் படம் அன்று. ஆயினும் தாம் அங்கே இருந்ததை அவர் பதித்துவிட்டார்.

1656இல் வெலாஸ்கெஸ் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் நிலைமை தலைகீழ். இங்கு ஓவியர் தூரிகையுடன் உள்ளே நிற்கிறார்; வெளியே இருப்பவர்கள் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பும் அரசி மரியானாவும். நடுவில் சிறுமி இளவரசி மார்கரித்தா. பெற்றோர் பின்சுவர்க் கண்ணாடியில் மங்கலாகத் தெரிகின்றனர். எதிரே நிற்கும் அவர்களையே கண்ணாடி காட்டுகிறதா, ஓவியர் தீட்டிக்கொண்டிருக்கும் துணியையா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. 'பணிப்பெண்கள்' என்று பொருள்படும் இன்றைய பெயர் 1843இல் பிராடோ அருங்காட்சியகப் பட்டியலில் வந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டின் அரண்மனைப் பட்டியலில் இது மன்னரின் 'குடும்பம்' எனப்பட்டது. எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. அந்தச் சிறு கண்ணாடி இல்லாவிட்டால் இது பெற்றோர் இல்லாத குடும்பமாகியிருக்கும்.

ஒளிப்படக்கலை தொடங்கிய காலத்தில் இம்முறையைக் கையாண்டவர் கிளமென்டினா ஹவார்டன். லண்டனில் தம் வீட்டு அறையிலேயே, சன்னல் வெளிச்சத்தில், மகள்களை நிலைக்கண்ணாடி முன் நிறுத்திப் படமெடுத்தார். கேமராவுக்கு ஒரு பக்கம் மட்டும் தெரிய நிற்கும் மகளின் மறுபக்கத்தைக் கண்ணாடி காட்டியது. தாயோ பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றார். 1865இல் அவர் காலமானார். 1939இல் அவருடைய பேத்தி 775 படங்களை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். ஆல்பங்களிலிருந்து பிய்த்தெடுத்தவை என்பதால் பல படங்களின் மூலைகள் கிழிந்துள்ளன.