தேனீக்கு வீடமைத்த குருவானவர்

கோபாலபுரத்து அடுக்குமாடிக் கட்டடங்களில் தேனடை ஒன்று தொங்கக் கண்டால் நாம் உடனே மருந்து தெளிப்பவரைத் தேடுகிறோம். அங்கே பெரும்பாலும் தொங்குவது மலைத்தேனீயின் ஒற்றை அடை. அது பெட்டிக்குள் அடங்காது. மரப்பொந்தின் இருளில் அடுக்கடுக்காய் அடை கட்டும் இந்தியத் தேனீயே வளர்ப்புக்கு இசைவது. அதற்கு ஏற்ற வீட்டை அமைத்துத் தந்தவர் ஒரு குருவானவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

நியூட்டன் என்றதும் ஆப்பிள் பழம் நினைவுக்கு வரும். நாம் குறிப்பிடும் நியூட்டனோ திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய இயேசு சபைத் துறவி.

கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியை 1851-இல் கண்டறிந்தவர் லாங்ஸ்ட்ராத் என்னும் அமெரிக்கப் போதகர். அது ஐரோப்பியத் தேனீக்குரிய அளவு. நம் தேனீயோ உருவில் சிறியது, அதன் கூட்டமும் சிறியது. 1880-களில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் நடந்த முயற்சிகள் வேரூன்றவில்லை. அருட்தந்தை நியூட்டன் பெட்டியின் அளவைச் சுருக்கினார். கீழே புழுக்கள் வளரும் அறை, மேலே தேனறை. 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குப் பயிற்சியும் அளித்தார்.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். அதுவரை தேனெடுப்பது என்றால் புகை போட்டு, அடையை அறுத்து, புழுவோடு சேர்த்துப் பிழிவதுதான். ஒரு குடம் தேனுக்கு ஒரு குடியே அழிந்தது. இப்பெட்டியில் மேலறைச் சட்டங்களைச் சுழற்றித் தேனைப் பிரித்து, வெற்றடையைத் திரும்ப மாட்டிவிடலாம். கீழறையில் கை வைக்க வேண்டுவதில்லை.

1924-இல் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் தொடங்கிய கிராமப்பணி, தேனீ வளர்ப்பைக் குமரி மண்ணில் பரப்பிற்று. அங்கே தைக்குப்பின் ரப்பர் மரம் தளிர்க்கும். பூவிலன்று, இளந்தளிர்க் காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். அதற்கு முன்பே பெட்டியைத் திறந்து, ராணி நலமா எனப் பார்க்க வேண்டும்; மெழுகுப்பூச்சி அரித்த அடையை அகற்ற வேண்டும்; எறும்பு ஏறாதபடி தாங்கிக்கடியில் நீர்க்கிண்ணம் வைக்க வேண்டும். புது ராணியறை தென்பட்டால் கூட்டம் பிரிந்து பறந்துவிடும் என்று பொருள். அதைக் கவனியாதவனுக்குத் தேன் இல்லை. அறுவடை பெரும்பாலும் தவக்காலத்தில்தான் நடக்கும். பாஸ்கா இரவின் புகழுரையும் தன் இலத்தீன் மூலத்தில் தேனீயின் உழைப்பை நினைவுகூருகிறது.

1991-92-இல் புழுக்களைத் தாக்கிய தாய்லாந்து வைரசு நோய் தென்னிந்தியக் கூடுகளில் மிகப் பெரும்பகுதியை அழித்தது. பெட்டிகள் வெறுமையாய்க் கிடந்தன. எனினும் தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்தே வளர்ப்போர் மீண்டும் பெருக்கினர். மார்த்தாண்டம் தேன் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.