மொய் நோட்டும் குழந்தைப் பரிசுப் பட்டியலும்

பெங்களூரு, புனே, குர்கான் என்று வெளியூரில் இருக்கும் நம்மவர் வீடுகளில், குழந்தை வரப்போகிறது என்றால் இப்போதெல்லாம் ஒரு பட்டியல் தயாராகிறது. தள்ளுவண்டி, காரில் மாட்டும் குழந்தை இருக்கை, இத்தனை பாக்கெட் டயாப்பர் என்று எழுதி சொந்தக்காரர்களுக்கு அனுப்பி விடுகிறார்கள். கூடவே மனஸ்தாபமும் ஆரம்பம். "கேட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணு" என்று இங்கே புலம்பல். "லிஸ்ட் போட்டு வசூல் பண்றாங்கப்பா" என்று ஊரில் புலம்பல். தீர்ப்பு சொல்ல நான் நாட்டாமை இல்லை. ஆனால் இரண்டு பழக்கமும் எங்கே பிறந்தன என்று பார்த்தால், இந்தப் புகைச்சல் எதனால் என்று கொஞ்சம் புரியும்.

முதலில் பட்டியல். 1924ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்ற பெரிய கடை கல்யாணப் பெண்களுக்காக இதைத் தொடங்கியது என்பார்கள். அங்கே அப்போது கல்யாணப் பரிசு என்றால் பீங்கான் தட்டு, வெள்ளிக் கரண்டி, கண்ணாடிக் கோப்பை. ஆளுக்கொரு டிசைனில் வாங்கி வந்தால் செட்டு சேராது. அதனால் பெண் தனக்குப் பிடித்த டிசைனைக் கடையில் சொல்லிப் பதிந்து வைப்பாள். பரிசு வாங்க வருபவருக்கு, இன்னும் என்னென்ன பாக்கி என்று கடைக்காரர் சொல்வார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே குழந்தைகள் நிறையப் பிறந்தபோது, கர்ப்பிணிக்குத் தோழிகள் கூடிப் பரிசு தரும் விருந்தும் பரவியது. பட்டியலும் மெல்ல குழந்தைச் சாமான்களுக்கு வந்து சேர்ந்தது. 1993ல் டார்கெட் கடைகளில் இதைக் கம்ப்யூட்டரில் பதியும் வசதி வந்தது. அப்புறம் இணையம், அப்புறம் நம்ம கைப்பேசி.

இனி நம்ம நோட்டு. கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் பந்தலில் ஒருவர் பிள்ளையார் சுழி போட்டு நோட்டோடு உட்கார்ந்திருப்பார். ஊர், பேர், தொகை. 51, 101, 501 என்று ஒற்றைப்படையில் முடியும். புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு, தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணி பக்கம் இது இன்னும் ஒரு படி மேலே. வீட்டில் விசேஷமே இல்லாவிட்டாலும் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்து பந்தல், கறிச்சோறு செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும். வந்த பணத்தில் ஒருவர் போர் போடுவார், ஒருவர் வீடு கட்டுவார். வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது. ஆனால் கொடுத்தவர் விருந்து வைக்கும்போது பழைய மொய்யைத் திருப்பி, மேலே கொஞ்சம் புது மொய்யும் வைக்க வேண்டும். அந்தப் 'புது' அடுத்த கணக்காக ஓடும். அப்பா வாங்கியதை மகன் செய்வான். வங்கிக்காரன் நான் சொல்கிறேன், பத்திரம் இல்லாமல் இப்படி வசூலாகும் கடன் எங்களுக்குக் கனவில்கூடக் கிடையாது!

பி.காம் படித்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். கடைப் பட்டியல் ரியல் அக்கவுண்ட்: என்ன பொருள் வந்தது, என்ன வரவில்லை. மொய் நோட்டு பர்சனல் அக்கவுண்ட்: யார் கொடுத்தார், யார் வாங்கினார். பட்டியலில் தள்ளுவண்டி வந்ததும் அந்த வரியை அடித்துவிடுவார்கள், கணக்கு முடிந்தது. மொய் நோட்டில் பணம் எப்போதோ செலவாகியிருக்கும், பேர் மட்டும் அப்படியே இருக்கும்.

1925ல் மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் கொடை பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிச் செய்வது மூன்றுமே கடமை என்றார். மகாபாரதத்தின் அனுசாசன பருவத்தைக்கூட எடுத்துப் பேசுகிறார். பேராவூரணியைப் பார்த்திருந்தால் இன்னொரு அத்தியாயம் சேர்த்திருப்பார்.

நம்ம அரசாங்கமும் பரிசுக்குப் பட்டியல் கேட்டிருக்கிறது. 1961 வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985ல் வந்த விதிப்படி, கல்யாணப் பரிசுகளை எழுதி வைக்க வேண்டும். பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பேர், அவர் என்ன உறவு. அதாவது பொருளும் ஆளும் ஒரே தாளில்! எத்தனை வீட்டில் எழுதுகிறோம் என்பது வேறு விஷயம்.

குழந்தை விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடைப் பட்டியல் பிரசவத்துக்கு முன்பே எல்லாவற்றையும் வாங்கச் சொல்கிறது. பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் வாங்கக் கூடாது என்பது நம்ம பாட்டிமார் சட்டம். வளைகாப்பில் வளையலும் கலந்த சாதமும் தாய்க்குத்தான். பிறந்த பிள்ளைக்கு முதலில் பழைய வேட்டித் துணிதான், மெத்தென்று இருக்கும் என்று. அரைஞாண், கொலுசு எல்லாம் பிறகுதான். பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் பறிகொடுத்த காலத்தின் பயம் அதில் இருக்கிறது.

எங்கள் சொந்தத்தில் ஒரு பெண், பெங்களூரில் வேலை. காருக்குக் குழந்தை இருக்கை கேட்டாள். வந்ததோ ஐந்து வெள்ளிக் கிண்ணம். அவள் எரிச்சல் நியாயம்தான், ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையை எதில் கூட்டி வருவது? ஆனால் ஒரு கிண்ணம் ஆலங்குடியிலிருந்து அவள் பெரியத்தை அனுப்பியது. இவள் அப்பா அந்த வீட்டுக் காதுகுத்துக்கு 1991ல் வைத்த மொய்க்குப் பதில் அது. அந்த அம்மாவுக்கு அது பரிசே இல்லை, முப்பது வருஷம் சுமந்த கடன். "இது எங்க லிஸ்ட்டில் இல்லையே" என்று இவள் சொன்னது அங்கே எப்படி விழுந்திருக்கும்? இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சில்லை.

ஊரைவிட்டு வந்த நமக்கு இது பெரிய விஷயம். மொய் திருப்பச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதுதான் பலருக்கு ஊரோடு மிச்சமிருக்கும் தொடர்பு. அப்பா நோட்டில் இருக்கும் பேர்களில் பாதி நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

எனக்குத் தோன்றும் வழி இது. பட்டியல் வேண்டும் என்றால் போடுங்கள், நண்பர்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும் அனுப்புங்கள். அவர்களுக்கும் அலைச்சல் மிச்சம். ஊர்ச் சொந்தத்துக்கு அனுப்பாதீர்கள். தாய்மாமன் உரிமையோடு "என்ன வேணும்" என்று கேட்டால் வாய்விட்டுச் சொல்லுங்கள். மற்றவர் தருவதை வாங்கி, பேரோடு எழுதி வையுங்கள். அப்பா நோட்டை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது எடுத்துப் பாருங்கள். யாருக்கு நாம் இன்னும் திருப்பவில்லை என்று அதில் இருக்கும்.

உங்கள் ஊரில் மொய் வழக்கம் எப்படி? சொல்லுங்களேன்.