ஆலை வாசலில் ஒட்டிய ஆணை: இந்தியத் தொழிலகங்களில் நிலையாணைகள் உருவான வரலாறு

இந்தியத் தொழிலகங்களில் நிலையாணைகள் எனப்படும், எழுத்தில் அமைந்த பணி விதிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு 87 ஆண்டுகள் பின்னே சென்று பார்த்தால்தான் அந்தச் சட்டம் எதற்குக் கடிவாளம் போட வந்தது என்பது விளங்கும்.

1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் வேலை ஒப்பந்தத்தை மீறும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கியது. முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ வேலையைச் செய்து முடிக்காவிட்டால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் முறையிடலாம். அவர் உத்தரவிட்ட பிறகும் மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவல். வாக்குத் தவறும் முதலாளிக்கு அந்தச் சட்டத்தில் சிறை இல்லை. 1925இல்தான் அதை நீக்கச் சட்டம் இயற்றப்பட்டது. இந்நாட்டின் ஆலைத் தொழில் வேரூன்றிய காலம் முழுவதும் இச்சட்டத்தின் நிழலில்தான் கழிந்தது.

1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலை நேரத்துக்கு ஒரு வரம்பு வைத்தது. தாமதமாக வந்தவருக்கு என்ன தண்டனை, யாரை எப்போது வெளியேற்றலாம், விடுப்பு யாருக்கு உண்டு என்பவற்றை அது தொடவே இல்லை. அவையெல்லாம் மேஸ்திரியின் வாய்ச்சொல்லிலும் மேலாளரின் அறிவிப்புப் பலகையிலும் இருந்தன. பம்பாய் ஆலைகளில் பழுதான துணியை நெய்தவர் தலையிலேயே கட்டி, அதன் விலையைக் கூலியில் பிடிக்கும் வழக்கமும் இருந்தது. விதி இருந்தது, அதைக் கேள்வி கேட்க இடம் இல்லை.

கேள்வி கேட்கும் முயற்சி சென்னையில் எப்படி எதிர்கொள்ளப்பட்டது என்பதற்குப் பெரம்பூரே சான்று. 1918 ஏப்ரல் 27இல் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு ஆகியோரின் முயற்சியும் பி.பி. வாடியாவின் தலைமையும் திரு.வி.க.வின் துணையும் அதற்கு அமைந்தன. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரின் முதன்மையான முறையீடுகளில் ஒன்று நண்பகல் உணவு இடைவேளை போதவில்லை என்பது. சோற்றுக்கு எவ்வளவு நேரம் என்பதும் பணி விதிதான். அதைப் பேசவே ஒரு சங்கம் வேண்டியிருந்தது. 1920இல் அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடி வாடியா முதலியோருக்கு எதிராகத் தடையாணை பெற்றது. தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார்கள் என்பது வழக்கு. இத்தகைய வழக்குகளிலிருந்து சங்கத்தைக் காக்கும் பிரிவுகள் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் இடம்பெற்றதற்கு இந்த வழக்கே பெருங்காரணம். விதியைப் பற்றிப் பேசும் உரிமை, விதிகளுக்கு முன்பாகவே போராடிப் பெற வேண்டியதாயிற்று.

அடுத்த திருப்பம் பம்பாயில். 1928 ஏப்ரலில் தொடங்கி ஆறு மாதம் நீடித்த பஞ்சாலைப் பொது வேலைநிறுத்தத்தில், ஆலை முதலாளிகள் வகுத்த நிலையாணைகளே சச்சரவின் ஒரு பகுதியாயின. பாசெட் தலைமையிலான விசாரணைக் குழு அவற்றை ஆராய்ந்தது. முதலாளி எழுதிய விதியை வெளியார் ஒருவர் எடுத்துப் பார்த்து மதிப்பிடலாம் என்பது அங்கே நடைமுறையில் நிலைநாட்டப்பட்டது. பத்தாண்டு கழித்து, 1938ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழிற்தகராறுச் சட்டம் நிலையாணைகளுக்கு முதன்முதலாகச் சட்டத் தகுதி தந்தது.

இடையே வந்த 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டத்தை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் எண்ணம். அபராதத்தைப் பற்றிய அதன் பிரிவு கூர்ந்து படிக்கத் தக்கது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்ற பட்டியலுக்கு முன்கூட்டியே அரசின் ஒப்புதல் வேண்டும்; அதைத் தொழிலகத்தில் ஒட்ட வேண்டும். தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் அபராதம் விதிக்கக் கூடாது. ரூபாய்க்கு அரையணா, அதாவது சுமார் 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பிடித்த பணம் முதலாளியின் பெட்டிக்குப் போகாமல் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். பின்னாளில் நிலையாணைச் சட்டத்தில் விரிவடைந்த அறிவிப்பு, விளக்கம், வரம்பு என்ற மூன்றும் இங்கேயே கருக்கொண்டிருக்கின்றன.

1946ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிலகங்களுக்கு எழுத்து விதியைக் கட்டாயமாக்கியது. நிரந்தரத் தொழிலாளி, பதிலி, தற்காலிகத் தொழிலாளி என்ற வகைப்பாடு, வருகை, விடுப்பு, பணிநீக்கம், ஒழுங்கீனம் எல்லாவற்றையும் எழுதி, சான்றளிக்கும் அலுவலரிடம் ஒப்புதல் பெற வேண்டும். சான்று பெற்றதை, பெரும்பாலான தொழிலாளர் நுழையும் வாசலருகே, அவர்களுக்குப் புரியும் மொழியிலும் ஆங்கிலத்திலும் பலகையில் வைக்க வேண்டும். ஆனால் அந்த விதி நியாயமானதா என்று பார்ப்பது அலுவலரின் வேலை அல்ல என்று அதே சட்டம் வெளிப்படையாகச் சொன்னது. கொடிய விதியும் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் சான்று பெற்றுவிடும்.

இந்தக் குறையை நீக்கியது 1956ஆம் ஆண்டின் திருத்தம். நியாயத்தையும் பொருத்தத்தையும் எடைபோடும் அதிகாரம் அலுவலருக்கு வந்தது. விதியை மாற்றக் கோரும் உரிமை, அதுவரை முதலாளிக்கே இருந்தது, தொழிலாளருக்கும் கிடைத்தது. 1946ஐவிட 1956ஐயே உண்மையான திருப்புமுனையாகக் கொள்கிறேன். முந்தையது விதியைத் தெரியப்படுத்தியது. பிந்தையதுதான் அதைப் பேரத்துக்குரியதாக்கியது. 1982இல் சேர்ந்த பிழைப்பூதிய விதியும் இதன் வழிவந்ததே: பணியிடை நீக்கத்தில் இருப்பவருக்கு முதல் 90 நாள் பாதி ஊதியம், தாமதம் அவரால் நேரவில்லையென்றால் அதன்பின் முக்கால் பங்கு. அடுப்பு எரியாத வீட்டிலிருந்து ஒருவர் உள்விசாரணைக்கு வந்து தன் தரப்பை எப்படிச் சொல்வார்?

நீதிமன்றங்கள் இதற்கு வலுச் சேர்த்தன. கிளாக்ஸோ லேபாரட்டரீஸ் வழக்கில் (1983) உச்ச நீதிமன்றம், நிலையாணையில் எழுதப்படாத செயலை ஒழுங்கீனம் என்று தண்டிக்க முடியாது என்றும், ஆலைக்கு வெளியே தொழிலாளியின் நடத்தைமீது முதலாளிக்குப் பொதுவான ஆட்சி இல்லை என்றும் தீர்ப்பளித்தது. வாசலில் ஒட்டிய காகிதம் அதை ஒட்டியவரையே கட்டிய இடம் இது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதிச் சட்டம் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது: 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். எத்தனை ஆண்டானாலும் தற்காலிகமாகவே ஒருவரை வைத்திருக்கும் தந்திரத்துக்கு அது எண்ணால் எல்லை போட்டது.

2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தபோது, நிலையாணைகளுக்கான வரம்பு 100லிருந்து 300 ஆனது. அரசின் மாதிரி நிலையாணையை அப்படியே ஏற்கும் நிறுவனத்துக்குச் சான்று கிடைத்ததாகவே கருதப்படும். ஒரே சீர்மை, காலதாமதம் குறைதல் என்பவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். சான்றளிப்பு நெடுநாள் இழுத்தது என்பதும் மெய்யே. ஆனால் 100க்கும் 300க்கும் இடையில் ஆள் வைத்திருக்கும் நூற்பாலை, வார்ப்படக் கூடம், தோல் தொழிற்சாலை ஆகியவற்றுக்கு எழுத்து விதியும் சான்றளிப்பும் இந்தச் சட்டப்படி இனிக் கட்டாயமில்லை. தாமதத்தைக் குறைக்கக் கூடுதல் அலுவலர்களை நியமித்திருக்கலாம், காலக்கெடுவை இறுக்கியிருக்கலாம். அவற்றை விடுத்து வரம்பை மூன்று மடங்காக்கியதற்கு, 1928 முதல் 1956 வரையிலான ஆவணங்களில் எனக்கு எந்த நியாயமும் தென்படவில்லை.