திருச்சுழிப் பையனும் பழைய மேப்பும்

சோலோ ட்ரிப்னா ஆஸ்திரேலியாதான் ஞாபகம் வருது, இல்லையா? பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை தாண்டி திருச்சுழிக்கு வாங்க. 1879இல் அங்கே பிறந்த வேங்கடராமன், 16 வயசில், 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து யாருக்கும் சொல்லாம கிளம்பினார். அண்ணனின் கல்லூரிக் கட்டணம் 5 ரூபாய். அதில் 3 மட்டும் எடுத்தார். பார்த்ததோ பழைய மேப். விழுப்புரம்–திருவண்ணாமலை ரயில் பாதை அதில் இல்லை. திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கிட்டார். ரயிலில் ஒரு மௌல்வி சொல்லித்தான் தப்பு தெரிஞ்சது. விழுப்புரத்தில் இறங்கி, மிச்சக் காசில் மாம்பழப்பட்டு வரை ரயில், அப்புறம் நடை. அறையணிநல்லூர் கோயிலில் நடை சாத்தணும்னு வெளியே அனுப்பிட்டாங்க. கீழூரில் தங்கக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். மீட்கறதுக்கான முகவரிச் சீட்டைக் கிழிச்சுப் போட்டார் பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். செப்டம்பர் 1, திருவண்ணாமலை. ரமண மகரிஷியாக 1950இல் இறக்கும்வரை அந்த ஊரைவிட்டு அவர் நகரவே இல்லை.