நஞ்சு மூலிகைகளும் அவற்றைத் தீட்டிய கைகளும்

எட்டி, ஊமத்தை, கண்வலிக்கிழங்கு எனப்படும் காந்தள் ஆகியவற்றை மணலூர்பேட்டை வட்டாரத்தினராகிய நாம் இளமை முதலே அறிவோம். 'தொடாதே' என்று பெரியோர் விலக்கிய அதே செடிகளை, மருந்தறிந்த மூதாட்டியர் தேடிப் பறித்து வந்ததையும் கண்டிருக்கிறோம். எட்டிக்கொட்டையைச் சுத்தி செய்தாலன்றி மருந்தாகாது. அதிலுள்ள ஸ்டிரிக்னின் உடலை வலிப்புக்குள்ளாக்கி மூச்சை நிறுத்திவிடும். காந்தளிலுள்ள கொல்ச்சிசின் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. அளவு மீறினால் உயிரையே கொள்ளும். ஆகவே செடியினும் அளவறிந்த மனிதரே இங்கு முதன்மையானவர். அம்மனிதர் யார் என்பதைப் பழைய செடிநூல்களின் ஓவியங்கள் வழியே காண்போம்.

கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராயிருந்த வான் ரீட், மலையாளக் கரையின் செடிகளைத் தொகுத்து, 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்னும் இலத்தீன் நூலை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை வெளியிட்டார். 700-க்கும் மேற்பட்ட செப்புத்தகட்டு ஓவியங்கள் அதில் உள. காஞ்சிரம் என்னும் எட்டியும், ஊமத்தையும், மேத்தோன்னி என்னும் காந்தளும் அதில் தீட்டப்பெற்றுள்ளன. செடிகளுக்கு அறிவியற் பெயர் சூட்டிய லின்னேயசும் இந்நூலைத் துணைக்கொண்டார்.

இளைஞர்களே, அந்நூலின் முதல் தொகுதியில் ஒரு சான்றுமடல் உளது. சேர்த்தலைப் பக்கத்து இட்டி அச்சுதன் என்னும் பரம்பரை வைத்தியர், செடிகளின் பெயரையும் குணத்தையும் தம் குடும்பச் சுவடியிலிருந்தும் பட்டறிவிலிருந்தும் கூறியதாக 1675-இல் கோலெழுத்தில் எழுதிக் கொடுத்தது அது. அவர் ஈழவர், அக்காலத்தில் தீண்டத்தகாதவர் எனத் தள்ளிவைக்கப்பட்ட குலத்தினர். ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்புபட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரின் சான்றும் அதே நூலில் உளது. சுவடியும் எழுத்தும் தாழ்த்தப்பட்டார்க்கு இல்லை என்று கூறுவார் இம்மடலைக் காண்பாராக! ஆயினும் 249 ஆண்டு கழிந்து, 1924-இல், சேர்த்தலைக்கு அண்மையிலுள்ள வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே ஈழவரும் புலையரும் போராட வேண்டியிருந்தது. அறிவைப் பெற்றுக்கொள்ளத் தடையில்லை. ஆளை நடக்கவிடத்தான் தடை!

பின்னர் ஆங்கிலக் கம்பெனியின் மருத்துவர்கள் வந்தனர். ராக்ஸ்பரோ 1795-இல் தொடங்கி வெளியிட்ட சோழமண்டலக் கரைச் செடிநூலில் 300 ஓவியங்கள், எட்டியும் ஒன்று. வரைந்தோர் நம் நாட்டினர். அவர்கள் பெயர் அத்தகடுகளில் இல்லை. அடுத்து வந்த ராபர்ட் வைட் இவ்வகையில் மேலானவர் என்பது நம் கருத்து. 1838 முதல் 1853 வரை சென்னையில் அவர் அச்சிட்ட 'ஐகோனஸ்' நூலில் 2101 படங்கள் உள. வரைந்த ரங்கையா, கோவிந்து ஆகியோரின் பெயர்களைப் படங்களிலேயே பொறித்தார்; ஓர் ஆர்க்கிட் செடிக்குக் 'கோவிந்தூயியா' என்று ஓவியர் பெயரையே சூட்டினார். (அப்பெயர் இன்று தாவரவியலார் வழக்கில் இல்லை.) எனினும் காட்டுக்குள் சென்று செடி பறித்து வந்து, அவ்வோவியர் முன் வைத்தவர்களின் பெயரை அப்படங்களில் நாம் காண்பதில்லை.

நம் வகுப்பில் ஒருமுறை இவ்வரலாற்றைக் கூறி, அறிந்த நச்சுச்செடி ஒன்றை வரைந்துவரப் பணித்தோம். மாணவன் ஒருவன் காந்தளைக் கிழங்கோடு வரைந்திருந்தான். படம் அத்துணைத் திருத்தமன்று. ஆனால் அடியில், 'கிழங்கு தோண்டிய கையைக் கழுவாமல் சோற்றைத் தொடாதே' என்றெழுதி, 'சொன்னவர்' என்பதன் எதிரே தன் பாட்டியின் முழுப்பெயரையும் எழுதியிருந்தான்.