பலகைக்கால் எழுத்துகள்

நகரங்களில் வாழும் நம் கண்களில் நாள்தோறும் எண்ணற்ற ஆங்கில எழுத்துகள் படுகின்றன. அவற்றைப் படிக்கிறோமேயன்றி, அவற்றின் வடிவைப் பார்ப்பதில்லை. உற்று நோக்கின், பல எழுத்துகளின் கோடுகள் முடியுமிடத்தில் குறுக்கே ஒரு சிறு கோடு அமைந்திருப்பதைக் காணலாம். இதனைச் செரிப் என்பர். புத்தக எழுத்துகளில் இது மெலிந்து முடியும். வேறு சிலவற்றிலோ, தூணின் அடியில் இட்ட கற்பலகைபோல் தடித்துச் சதுரமாக நிற்கும். இவ்வகையே ஸ்லாப் செரிப் எனப்படுவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆலைகள் பெருகின, சரக்குகள் குவிந்தன. சுவரொட்டிகளும் லாட்டரி விளம்பரங்களும் தெருக்களை நிறைத்தன. கையில் ஏந்திப் படிப்பதற்கென அமைந்த எழுத்து இப்பணிக்குப் போதவில்லை. வழிப்போக்கரைத் தடுத்து நிறுத்தவல்ல எழுத்து வேண்டியிருந்தது. லண்டனில் எழுத்து வார்த்துவந்த வின்சென்ட் பிகின்ஸ், 1815ஆம் ஆண்டையொட்டி இத்தகைய தடித்த எழுத்தை 'ஆன்டிக்' என்னும் பெயரில் வெளியிட்டார். விரைவில் இவ்வினத்திற்கு 'எகிப்தியன்' என்ற பெயரும் வழங்கலாயிற்று. நெப்போலியன் 1798இல் எகிப்தின்மீது படையெடுத்த பின்னர் ஐரோப்பாவில் பரவிய எகிப்திய மோகமே இதற்குக் காரணம் எனலாம். எகிப்தியரின் சித்திர எழுத்திற்கும் இதற்கும் யாதொரு உறவும் இல்லை.

விளம்பரத்திற்குப் பிறந்த எழுத்து, 1845இல் புலமைப் பணிக்கும் வந்து சேர்ந்தது. லண்டன் பேன் தெரு வார்ப்படச் சாலையின் ராபர்ட் பெஸ்லி, 'கிளாரண்டன்' என்னும் எழுத்தை வெளியிட்டார். அச்சுவடிவைச் செதுக்கியவர் பெஞ்சமின் பாக்ஸ். சாதாரண எழுத்தின் நடுவே ஒரு சொல்லை மட்டும் அழுத்தமாகக் காட்ட இது பெரிதும் உதவிற்று. அகராதியில் தலைச்சொல் கறுத்துத் தெரிவதும் பொருள் மெலிந்த எழுத்தில் தொடர்வதும் நமக்குப் பழகிய காட்சி. அம்முறைக்கு வழிகாட்டிய எழுத்துகளுள் கிளாரண்டன் முதன்மையானது.

பெஸ்லி தம் எழுத்தைச் சட்டப்படி பதிவு செய்தார். ஆயினும் கிடைத்த காப்பு மூன்றாண்டுகளே. அது முடிந்ததும் பிற வார்ப்படச் சாலைகள் தத்தம் கிளாரண்டன்களை வெளியிட்டன. பல மாதங்கள் எஃகில் செதுக்கிய உழைப்பைப் பிறர் எளிதில் எடுத்துக்கொள்வது நீதியாகுமா என்ற வினா அன்றே எழுந்தது. பெஸ்லியின் வாழ்வு இதனால் தாழ்ந்துவிடவில்லை. 1869இல் அவர் லண்டன் மாநகரத் தலைவரானார்.

ஆங்கிலத் தட்டச்சுப் பொறிகளின் எழுத்துகளும் பெரும்பாலும் இக்குடும்பத்தினவே. இதற்கு ஒரு காரணம் உண்டு. பொறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலம்தான். 'ஐ' போன்ற ஒல்லியான எழுத்து அவ்விடத்தில் தனித்து நின்றால் இருபுறமும் வெற்றிடம் தோன்றும். நீண்ட பலகைக்கால்கள் அதனை நிரப்பிவிடுகின்றன. 1955இல் ஐ.பி.எம். நிறுவனத்திற்காக ஹோவர்டு கெட்லர் வரைந்த 'கூரியர்' இவ்வினத்தது. அந்நிறுவனம் அதற்குத் தனியுரிமை கோரவில்லை; எனவே பிற பொறிகளும், பின்னர் கணினிகளும் அதனைத் தடையின்றி ஏற்றன.

ஒன்று காக்கப்பட்டும் நகலாயிற்று. மற்றொன்று காவலின்றியே உலகெங்கும் பரவிற்று. எழுத்தை வடிப்பவர்க்கு ஊதியமும் பெயரும் கிடைக்க வேண்டும். படிப்பவர்க்கு அது தடையின்றிக் கிடைக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே பேணும் வழியை அச்சுலகம் இன்னும் தேடிவருகிறது. அடுத்த முறை அகராதியைப் புரட்டும்போது, அக்கறுத்த சொல்லின் காலடியையும் சற்று நோக்குவோமாக.