மணல் காத்த மரணக் கதை

மரங்கள் உண்டு, மனிதர் இல்லை. வெண்மணற் கரை உண்டு, அதில் ஓடத்தை இழுத்து வைப்போர் இல்லை. பசிபிக் பெருங்கடலில், வனுவாட்டு நாட்டின் எபாத்தே தீவுக்கு வடமேற்கே, தொப்பி ஒன்றை மிதக்க விட்டாற்போல் நிற்கிறது ஒரு சிறு தீவு. கப்பலோட்டிகள் அதற்குத் ‘தொப்பித் தீவு’ என்றே பெயரிட்டனர். அவ்வட்டாரத்து மக்கள் ஆர்ட்டோக் என்பர். எரெத்தோக்கா என்பதும் அதன் பெயரே. அருகிலுள்ள லெலெப்பா தீவில் ஊர் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, குழந்தைகளின் கூச்சல் இருக்கிறது. ஆர்ட்டோக்கில் மட்டும் நானூறு ஆண்டுகளாகக் குடியில்லை.

ஏன் என்று கேட்டால் அந்த மக்கள் தயங்காமல் விடை சொன்னார்கள்: அங்கே ரோய் மாத்தா புதைக்கப்பட்டிருக்கிறார், அவரோடு உயிருடன் சென்றோரும் புதைக்கப்பட்டிருக்கின்றனர், அந்த மண் தீண்டத் தகாதது.

யார் இந்த ரோய் மாத்தா? அது ஒரு பட்டப் பெயர். அப்பட்டம் தாங்கியவருள் கடைசியானவர் பற்றியதே கதை. எபாத்தேயிலும் சுற்றுத் தீவுகளிலும் குலத்தோடு குலம் மோதிக் குருதி சிந்திய காலம் அது. அப்போரை அவர் வாளால் அடக்கினார் என்று கதை புகழவில்லை. விருந்தால் அடக்கினார் என்கிறது! எல்லோரையும் ஒரு பெருவிருந்துக்கு அழைத்தார். வருவோர் ஆளுக்கொரு பொருள் கொண்டு வரவேண்டும் என்றார். ஒருவர் தேங்காய் கொணர்ந்தார், ஒருவர் வள்ளிக்கிழங்கு கொணர்ந்தார், மற்றொருவர் சாக்குக்கணவாய் கொணர்ந்தார். ஒரே பொருளைக் கொணர்ந்தோர் எல்லாரும், நேற்றுவரை பகைவராயிருந்தாலும், இனி ஒரே குலம் என்று வகுத்தார். நப்ளாக் எனப்படும் இக்குலம் தாய்வழியே வருவது. தந்தையின் ஊர் எதுவானாலும் பிள்ளை தாயின் குலமே. ஆகவே எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தன் குலத்தார் இருப்பர். குலத்தான்மீது ஆயுதம் தூக்குவதெப்படி? போர் ஓய்ந்தது என்கிறது கதை. இந்தக் குலமுறை அங்கே இன்றும் பேசப்படுகிறது.

குலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. பிரிப்பதற்கும், தாழ்த்துவதற்கும், கிணற்றடியில் தடுப்பதற்கும் குலம் கண்டவர் நாட்டிலே பிறந்தவர் நாம். பகைவரை உறவினராக்க ஒருவன் குலம் கண்டான் என்பதைப் படித்தபோது, பக்கத்தைத் திருப்பாமல் சற்று நேரம் இருந்தேன்.

ரோய் மாத்தாவின் முடிவு, பல பழங்கதைகளில் வருவதுபோல, வீட்டுக்குள்ளிருந்தே வந்தது. உடன்பிறந்தவனே நஞ்சால் அவரைக் கொன்றான் என்பர். லெலெப்பாவிலுள்ள பெல்ஸ் குகையில் உயிர் பிரிந்தது. அக்குகைச் சுவரில் பழைய ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் ஓர் உருவத்தைக் காட்டி ‘இவரே அவர்’ என்பர் ஊரார். உடலை அவர் வாழ்ந்த மங்காசுக்கு எடுத்துச் சென்றனர். பின்பு கடல் கடத்தி ஆர்ட்டோக்கில் புதைத்தனர். அவருக்குக் கீழ்ப்பட்ட குலங்களின் சார்பாளர்கள் ஆணும் பெண்ணுமாய் அவரோடு குழியில் இறங்கினர். குழி மூடப்பட்டது. மங்காசிலும் ஆர்ட்டோக்கிலும் இனி எவரும் குடியிருக்கலாகாது என்று தடை விதிக்கப்பட்டது.

இது வாய்மொழிக் கதை. ஏடு இல்லை, கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை. அந்தத் தீவுகளில் எழுத்தே இருந்ததில்லை.

எழுத்து இல்லாத மக்களுக்கு வரலாறு ஏது என்பதே வெள்ளையர் கணக்கு. 1774இல் வந்த கேப்டன் குக் அந்தத் தீவுக் கூட்டத்துக்கு ‘நியூ ஹெப்ரிடீஸ்’ என்று பெயர் சூட்டினார். பெயர் இல்லாமலா கிடந்தன அந்தத் தீவுகள்? பின்னே வந்தனர் பாதிரிமார். சந்தன மர வணிகர் வந்தனர். அடுத்து ஆள் பிடிப்போரும் வந்தனர். 1863 முதல் 1904 வரை ஏறத்தாழ 62,000 பசிபிக் தீவு மக்கள் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பகுதியினர் இந்தத் தீவுகளையும் சாலமன் தீவுகளையும் சேர்ந்தவர்கள். ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். ஏமாற்றிக் கப்பலேற்றியதும் கடத்தியதும் அந்தப் பெயருக்குள்ளே அடக்கம். இலங்கைத் தேயிலைக்கும் பிஜிக் கரும்புக்கும் நம்மவர் போன வரலாறு அறிந்தோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கப்பல்களோடு வந்த நோய்கள் மிச்சமிருந்தோரையும் வாரிக்கொண்டு போயின. 1906இல் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆளத் தொடங்கின. ஒரே மண்ணில் இரண்டு போலீசு, இரண்டு சட்டம், இரண்டு சிறை! 1980 ஜூலை 30இல்தான் வனுவாட்டு விடுதலை பெற்றது.

இவ்வளவு இடிபாட்டுக்கு நடுவே, பாட்டன் பேரனுக்குச் சொல்லி, பேரன் தன் பேரனுக்குச் சொல்லி, அந்தக் கதை உயிர்த்திருந்தது. பிரெஞ்சு இனவியல் அறிஞர் ஜான் கியார் அதைக் கேட்டு எழுதி வைத்தார். தொல்லியலாளர் ஜோசே கரான்ஜே ஒரு படி மேலே போனார். ‘கதை சரியா என்று மண்ணையே கேட்போம்’ எனத் துணிந்தார். 1967இல், ஊராரின் இசைவோடு, ஆர்ட்டோக்கின் கரையை அடுத்த மணற் பரப்பில், நட்டு வைத்த கற்கள் நின்ற இடத்தில் மண்வெட்டி இறங்கியது.

கதை சொன்ன இடத்திலேயே கல்லறை இருந்தது.

நடுவில் ஒரு மனிதன் மல்லாந்து கிடந்தான். அவன் வலப்புறம் ஓர் ஆணும் பெண்ணும். இடப்புறம் ஓர் ஆண். காலடியில் குறுக்காக ஓர் இளம்பெண். அவன் கால்களுக்கிடையே, முன்னரே இறந்துபோன ஒருத்தியின் எலும்புகள் கட்டாகச் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. இந்த நடுக்குழியைச் சுற்றி மேலும் பலர். எல்லாமாக ஏறத்தாழ ஐம்பது பேர். சிப்பி மணிகளும் பன்றிக் கொம்பு வளையங்களும் அணிந்து, விழாவுக்குப் புறப்பட்டவர்போல் இருந்தனர். அவர்களில் பதினோரு இணைகள், ஆணும் பெண்ணுமாய், ஒருவரை அடுத்து ஒருவர்.

தோழர்களே, இங்கேதான் நாம் சற்று நிற்கவேண்டும். ஏனெனில் இதுவரை எலும்பு கதையை மெய்ப்பித்தது. இனி, கதை சொல்லாததையும் எலும்பு சொல்லத் தொடங்குகிறது.

அந்த இணைகளில் ஆண்கள் உறங்குபவர்போல் மல்லாந்து, கைகால் நீட்டி, அமைதியாகக் கிடந்தனர். பெண்கள் அப்படிக் கிடக்கவில்லை. ஒருத்தியின் கைகள் பக்கத்திலிருந்தவன் கழுத்தைச் சுற்றியிருந்தன. ஒருத்தி இடுப்பைப் பற்றியிருந்தாள். ஒருத்தி கையைப் பற்றியிருந்தாள். கால்கள் பின்னிக் கிடந்தன. கைவிரல்களும் கால்விரல்களும் மடங்கி இறுகியிருந்தன.

கரான்ஜே இதற்கு ஒரு விளக்கம் தந்தார். அத்தீவுகளில் கவா என்றொரு பானம் உண்டு. மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரைச் சிதைத்து நீரில் கரைத்துப் பருகுவது. அளவு மிகுந்தால் உடல் மரத்து, உணர்வு மங்கும். அதைப் பருகும் உரிமை மரபுப்படி ஆண்களுக்கே உரியது. குழியில் இறங்குமுன் ஆண்கள் கவா பருகினர், மயங்கிக் கிடந்தனர், மண் விழுந்தது தெரியாமலே போயினர். பெண்கள்? விழிப்போடு இருந்தனர். மேலே மணல் விழ விழ, பக்கத்தில் எவன் கிடந்தானோ அவனைப் பற்றிக்கொண்டனர்.

மயக்க மருந்திலும் ஆணுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி!

‘விரும்பியே சென்றனர்’ என்கிறது மரபு. தலைவனோடு போவதைப் பெருமையாகக் கருதினர் என்கிறது. கருதியிருக்கவும் கூடும்; நம்பிக்கை எதையும் செய்விக்கும். வங்காளத்தில் எரிந்த கைம்பெண்களைப் பற்றியும் ‘விரும்பியே ஏறினாள்’ என்றுதானே எழுதி வைத்தார்கள்? 1829 டிசம்பரில் பெண்டிங்கு அதைச் சட்டத்தால் தடுத்தபோது, ‘எங்கள் பெண்களின் உரிமை பறிபோகிறது’ என்று இலண்டன் வரை முறையிட்டவர்கள் ஆண்களே. எரிய வேண்டியவள் கருத்தை எவன் கேட்டான்? ஆர்ட்டோக் குழியில் மடங்கிக் கிடந்த விரல்களும், கேட்கப்படாமல் போன அந்தக் கருத்தைத்தான் காட்டுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. கரான்ஜேயின் விளக்கம் ஓர் ஊகமே. ஆயினும் பெண்கள் பற்றியிருந்த நிலை ஊகமன்று. அது மண்ணில் கண்ட காட்சி.

இந்தத் தீவுக் கூட்டத்தின் தென்முனையிலுள்ள அனெய்த்தியூமில், கணவன் இறந்ததும் மனைவியின் கழுத்தை நெரித்துக் கொல்லும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலும் இருந்தது. 1848இல் அங்கு இறங்கிய ஜான் கெடி என்ற பாதிரியார் அதை எதிர்த்து நின்றார், வழக்கம் ஒழிந்தது. பாதிரிமார்மீது நமக்கு எத்தனை குறை இருந்தாலும் அந்தப் பெண்கள் பிழைத்ததை மறைப்பது நேர்மையாகாது.

இந்தக் கல்லறைக் கதையை வகுப்பில் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் எழுந்து கேட்டான்: “ஐயா, அந்தத் தீவுக் கதை நானூறு ஆண்டு கழித்து மெய்யென்று தெரிந்தது என்றால், நம் புராணங்களையும் மெய் என்று ஏற்கலாமல்லவா?” குறும்பாகக் கேட்டானா, வீட்டில் சொல்லிக் கொடுத்துக் கேட்டானா, தெரியாது. நல்ல கேள்வி. நான் உடனே விடை சொல்லத் திணறினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மறுநாள்தான் சொன்னேன்.

ஆர்ட்டோக் கதை தன்னைச் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தது. இன்ன தீவு, இன்ன இடம், இன்னாரோடு இத்தனை பேர் என்றது. தோண்டினால் பொய்த்துப் போகும் ஆபத்தை அது ஏற்றுக்கொண்டது. தோண்டினார்கள், பொய்க்கவில்லை. அப்போதும் முழுவதையும் எவரும் விழுங்கிவிடவில்லை. உடன்பிறந்தவன் நஞ்சிட்டான் என்பதற்கு எலும்பில் சான்று காட்டப்படவில்லை. அது கதையாகவே நிற்கிறது. விருந்தில் ஒரே நாளில் குலங்கள் பிறந்தன என்பதும் அப்படியே. காலக்கணக்கும் திருத்தப்பட்டது. கரான்ஜே செய்வித்த கரிமக் கணிப்பு முதலில் 13ஆம் நூற்றாண்டு என்றது. பின்னாளைய ஆய்வு 1600ஐ ஒட்டிய காலம் என்கிறது. முன்னூறு ஆண்டு வேறுபாடு! பிழை தெரிந்ததும் திருத்தினார்கள். திருத்தியவர் தலையில் இடி விழவில்லை. எவரும் அவரைச் சமயத் துரோகி என்று ஏசவுமில்லை. “பத்துத் தலை கொண்டவன் எலும்புக்கூட்டை எங்கே தோண்டலாம் என்று கேட்டுச் சொல்” என்றேன் மாணவனிடம். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.

கரான்ஜே ஆர்ட்டோக்கோடு நிற்கவில்லை. தொங்கோவா தீவிலும் இப்படி ஒரு கதை வழங்கியது. 15ஆம் நூற்றாண்டில் குவாயே எரிமலை வெடித்து நிலம் பிளந்து கடலுக்குள் போனது. பிழைத்தவன் ஒருவன் திரும்பி வந்து ‘தி தொங்கோவா லிசெய்ரிக்கி’ என்ற தலைவனானான் என்பது அது. அங்கும் மரபு காட்டிய இடத்தில் தோண்டினார். அங்கும் கல்லறை கிடைத்தது. எபாத்தேயின் தென்கரையில் தெயோமா என்ற இடத்தில் 2004இல் தொடங்கி அகழ்ந்தது இன்னும் பழையது: ஏறத்தாழ 3,000 ஆண்டுக்கு முன் அத்தீவில் முதன்முதல் குடியேறியவர்களின் இடுகாடு. அங்கே புதைக்கப்பட்ட உடல்களில் தலை இல்லை. உடல் மட்கிய பின் மண்டையோட்டை எடுத்துத் தனியே வைத்திருக்கின்றனர். சில மண்டையோடுகள் பானைக்குள் இருந்தன. அந்த எலும்புகளின் மரபணு, அவர்கள் மூதாதையர் தைவான், பிலிப்பைன்ஸ் பக்கத்திலிருந்து கடல் கடந்து வந்தோர் என்று 2016இல் காட்டியது. அது தனியே எழுதவேண்டிய செய்தி.

ஆர்ட்டோக்குக்குத் திரும்புவோம். மங்காசு, பெல்ஸ் குகை, ஆர்ட்டோக் மூன்றையும் சேர்த்து 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வனுவாட்டில் அச்சிறப்பைப் பெற்ற முதல் இடம் அதுவே. எபாத்தேக் கரையோர நிலங்களை வெளிநாட்டார் நீண்ட குத்தகைக்கு எடுத்து விடுதி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. தடை என்ற பழைய சொல்லால் காத்த மண்ணைச் சட்டம் என்ற புதிய சொல்லாலும் காக்கவேண்டிய நிலைக்கு லெலெப்பா, மங்கலிலியூ ஊர் மக்கள் வந்திருந்தனர். இன்று பார்க்க வருவோரை அவர்களே ஓடத்தில் அழைத்துச் சென்று கதை சொல்கின்றனர். கரையில் இறங்கி, மரநிழலில் நடந்து, நட்ட கற்கள் நிற்கும் இடத்தில் நின்று, பிறகு திரும்பிவிட வேண்டும்.

ரோய் மாத்தா என்ற பட்டத்தை அவருக்குப்பின் எவருக்கும் சூட்டவில்லை.